சபையும் சட்டமும்: வாசகர் கேள்வி பதில்

மாஸ்கோவோடு தொடர்புள்ள சபைகளைத் தடை செய்ய உக்ரேன் சட்டம் போட்டதிலிருந்து, "அங்கே நடந்தது இங்கே மலேசியாவிலும் நடக்குமா?" என்று கேட்டு வரும் கடிதங்கள் நிற்கவில்லை. அவற்றில் சிலவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் சபையையே உக்ரேன் முழுசாகத் தடை செய்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா? போர் நேரத்தில் அது தப்பில்லையே?
வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பாதி உண்மை. 2024 ஆகஸ்ட் 20ஆம் தேதி உக்ரேன் நாடாளுமன்றம் 265 வாக்குகளில் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. நான்கு நாள் கழித்து அதிபர் ஸெலென்ஸ்கி கையெழுத்திட்டார். செப்டம்பர் 23 முதல் அது நடப்புக்கு வந்தது. சட்டத்தில் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டது ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை மட்டும்தான். உங்களுக்கு வந்த செய்தியில் உள்ள உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் சபையின் பெயர் சட்டத்தில் எங்கும் இல்லை. ரஷ்ய சபையோடு 'தொடர்புள்ள' அமைப்புகளை நீதிமன்றம் வழியாகக் கலைக்கலாம் என்றுதான் இருக்கிறது. உறவை அறுத்துக்கொள்ள ஒன்பது மாத அவகாசமும் தரப்பட்டது.

நடைமுறை இப்படிப் போகிறது. மத விவகாரங்களைக் கவனிக்கும் அரசுத் துறை முதலில் ஆய்வு செய்கிறது. தொடர்பு இருக்கிறது என்று கண்டால், அதைச் சரி செய்யும்படி ஆணை அனுப்புகிறது. சரி செய்யாவிட்டால் வழக்குப் போடுகிறது. உக்ரேனில் ஒவ்வொரு ஊர்ச் சபையும் தனித்தனியாகப் பதிவானது. ஆகவே ஒரே தீர்ப்பில் ஆயிரக்கணக்கான சபைகளை மூடிவிட முடியாது.

இந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. மாஸ்கோ தலைமைக் குரு கிரில் போரை வெளிப்படையாக ஆதரித்தார். 2024 மார்ச்சில் அவர் தலைமையிலான ஒரு மன்றம் இதைப் 'புனிதப் போர்' என்றே அறிவித்தது. உக்ரேனியப் பாதுகாப்புத் துறை நூற்றுக்கும் மேற்பட்ட குருமார் மீது குற்ற விசாரணை தொடங்கியது.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் சபை 2022 மே 27ஆம் தேதியே மாஸ்கோவோடு இருந்த இணைப்பைத் தன் சாசனத்திலிருந்து நீக்கியது. ஆனால் மாஸ்கோ சபையின் சாசனத்தில் இன்னமும் இந்த உக்ரேனிய சபை ஓர் அங்கமாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2025இல் அரசுத் துறை காட்டிய காரணங்களில் இதுவும் ஒன்று. அடுத்த வீட்டுக்காரர் தம் குடும்ப அட்டையில் உங்கள் பெயரை எழுதி வைத்திருந்தால், அதற்கு நீங்கள் பொறுப்பாளியா? உளவு சொன்ன பாதிரியாரைப் பிடித்து, சாட்சியோடு சிறையில் வையுங்கள். அதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவர் பூசை செய்த ஊர்ச் சபையின் கதவைப் பூட்டுவது வேறு கதை. ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் இதைத்தான் கேட்டது: இவ்வளவு பெரிய தடை தேவைதான் என்பதற்கும், அது ஆபத்தின் அளவுக்கு ஏற்றதுதான் என்பதற்கும் சான்று எங்கே?

"நாட்டின் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் மதச் சுதந்திரம் எல்லாம் இரண்டாம் பட்சம், எல்லா நாட்டுச் சட்டமும் அப்படித்தான்" என்று என் மகனுக்கு டியூஷனில் சொல்லியிருக்கிறார்கள். சரிதானா, ஐயா?
வாசகி, ஜார்ஜ்டவுன்

சரியில்லை, அம்மா. படித்தவர்களே இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 18ஆவது விதி, மதத்தை வெளிப்படையாகக் கடைப்பிடிப்பதற்கு எந்தெந்தக் காரணத்தால் எல்லை வகுக்கலாம் என்று எண்ணிச் சொல்கிறது: பொதுமக்களின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், நல்லொழுக்கம், பிறருடைய அடிப்படை உரிமைகள். 'தேசியப் பாதுகாப்பு' என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. கை மறதியாக விட்டதும் இல்லை. பேச்சுரிமைக்கும் சங்க உரிமைக்கும் உரிய விதிகளில் அதே சொல் இருக்கிறது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 1993இல் இதைத் தெளிவாகவே எழுதியது: மற்ற உரிமைகளுக்குப் பொருந்தும் 'தேசியப் பாதுகாப்பு' என்ற காரணத்தை மதச் சுதந்திரத்துக்கு இழுத்து வரக்கூடாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2009இல், ரஷ்யாவுக்குள் திரும்பவிடாமல் தடுக்கப்பட்ட ஒரு மதப் பணியாளரின் வழக்கில் இதையே சொன்னது.

மலேசியா அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. ஆனால் நம் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது விதியைப் பாருங்கள். ஐந்தாம் உட்பிரிவில் மூன்றே எல்லைகள்: பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், நல்லொழுக்கம். அதுவும் எல்லாருக்கும் பொதுவான சட்டத்துக்கு மாறாக நடக்க மதத்தைச் சாக்காகக் காட்டக்கூடாது என்ற அளவில்தான். இங்கேயும் 'பாதுகாப்பு' இல்லை. நாசவேலைக்கு எதிராகச் சிறப்புச் சட்டம் இயற்ற இடம் கொடுக்கும் 149ஆவது விதி 5, 9, 10, 13 ஆகிய நான்கு விதிகளைத்தான் மீற அனுமதிக்கிறது. 11ஐத் தொடவில்லை. அவசரகாலச் சட்டம்கூட மதம் பற்றிய விதிகளுக்கு முரணாகப் போக முடியாது என்கிறது 150(6A).

இதைப் படித்துவிட்டு முழுக்க நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஒரு சபைக்கு இரண்டு கால்கள். விசுவாசம் என்ற கால் 11ஆவது விதியில் ஊன்றியிருக்கிறது. சங்கம் என்ற கால், அதாவது பெயர், செயலவை, வங்கிக் கணக்கு, சொத்து எல்லாம், 10ஆவது விதியில் நிற்கிறது. சங்கம் அமைக்கும் உரிமையை 'கூட்டரசின் பாதுகாப்பு' கருதிக் கட்டுப்படுத்தலாம் என்று 10(2) சொல்கிறது. அரசு சபைக்குள் கை வைக்க வேண்டுமானால் இந்தக் கால் வழியாகத்தான் வரும். 11(3) தன் மத விவகாரங்களைத் தானே நடத்தவும், சொத்து வாங்கி வைக்கவும் ஒவ்வொரு மதப் பிரிவுக்கும் உரிமை தருவது உண்மை. ஆனாலும் பதிவு கையில் இல்லாமல் அந்தச் சொத்தை வைத்திருப்பது நடைமுறையில் எவ்வளவு கடினம் என்பது செயலாளர்களுக்குத் தெரியும்.

ஏட்டில் இருப்பது இருக்கட்டும். நம் நீதிமன்றத்தில் எப்போதாவது நின்றிருக்கிறதா?
வாசகர், செந்தூல்

நின்றிருக்கிறது. இரண்டு வழக்குகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1987இல் பலரையும் ஒரேயடியாகக் கைது செய்த ஓப்ஸ் லாலாங் நடவடிக்கையில், விசாரணையின்றித் தடுத்து வைக்க இடம் தந்த இசா (உள்நாட்டுப் பாதுகாப்பு) சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டவர்களில் ஜமாலுடின் ஒத்மானும் ஒருவர். மலாய்க்காரர்களிடையே கிறிஸ்துவத்தைப் பரப்பினார், கூட்டங்களிலும் கருத்தரங்குகளிலும் கலந்துகொண்டார், ஆறு பேரை மதம் மாற்றினார் என்பவையே அவர் மீது சொல்லப்பட்ட காரணங்கள். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அமைச்சர் மேல்முறையீடு செய்தும் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கூட்டத்தில் கலந்துகொண்டதாலேயே ஒருவர் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தாகிவிட மாட்டார். மதமாற்றம் நடந்தது உண்மையாகவே இருந்தாலும் அது மட்டுமே பாதுகாப்புக்கு மிரட்டல் ஆகாது என்பது அந்த 1989 தீர்ப்பின் சாரம். 'பாதுகாப்பு' என்று முத்திரை குத்தினால் போதாது, ஆள் என்ன செய்தார் என்று காட்ட வேண்டும்.

இரண்டாவது, மாமாட் பின் டாவுட் வழக்கு. இது சபை வழக்கு அல்ல. வெள்ளிக்கிழமைத் தொழுகை சம்பந்தப்பட்டது. மத ஒற்றுமையைக் குலைப்பதைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 298A பிரிவை, 'பொது ஒழுங்கு' என்ற பெயரில் நாடாளுமன்றம் கொண்டு வந்தது. பெயர்தான் பொது ஒழுங்கு, உள்ளே இருப்பது மத விவகாரம் என்று சொல்லி, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சட்டத்தின் தலைப்பைப் பார்க்காதே, உள்ளடக்கத்தைப் பார் என்ற இந்த முறை இன்றைக்கும் உதவும்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. கத்தோலிக்க வார இதழான ஹெரால்ட், 'அல்லாஹ்' என்ற சொல்லைப் பயன்படுத்தலாம் என்று உயர் நீதிமன்றம் 2009 டிசம்பர் 31இல் தீர்ப்பளித்தது. 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2014 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற கணக்கில், மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது. பொது ஒழுங்கு என்ற வாதம் அங்கே எடுபட்டது.

சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கையின் சபையில் வெளிநாட்டுப் பணத்துக்குத் தனிப் படிவம் நிரப்புகிறார்கள். அது என்ன?
வாசகி, கெப்போங்

அங்கே மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் வந்தது. 2019இல் திருத்தினார்கள், திருத்தம் 2022 நவம்பரில் நடப்புக்கு வந்தது. சபைத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். செயலவையில் பெரும்பான்மையினர் குடிமக்களாக இருக்க வேண்டும். ஒரே தடவையில் 10,000 சிங்கப்பூர் வெள்ளி அல்லது அதற்கு மேல் வெளிநாட்டு நன்கொடை வந்தால் தெரிவிக்க வேண்டும். நம் பார்வையில், தடை போடுவதைவிட இது எவ்வளவோ மேல். யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று கேட்கிறார்கள். என்ன நம்புகிறாய் என்று கேட்கவில்லை. அதே நாடுதான் 1972இல், இராணுவச் சேவைக்கு மறுத்ததைக் காட்டி யெகோவா சாட்சிகளின் பதிவை ரத்து செய்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

எங்கள் சபை பதிவாகி மூன்று வருடம் ஆகிறது. தாய்ச் சபை சென்னையில் இருக்கிறது. அங்கிருந்து காணிக்கை வரும். வருடத்துக்கு இரண்டு முறை போதகர்களும் வருவார்கள். எங்கே தப்பு வரும் என்று சொல்லுங்கள். கணக்குத் தாளும் சாசனமும் இணைத்திருக்கிறேன்.
சபைச் செயலாளர், பட்டர்வொர்த்

தாள்களைப் பார்த்தோம், ஐயா. மூன்று இடத்தில் இடிக்கிறது.

முதலில் சாசனம். "தலைமைச் சபையின் தீர்மானங்கள் இச்சபையைக் கட்டுப்படுத்தும்" என்று ஒரு விதி இருக்கிறது. 1966 சங்கங்கள் சட்டத்தின் 13A பிரிவின்படி, வெளிநாட்டு அமைப்போடு ஒரு சங்கம் எந்தத் தொடர்பும் வைக்கக்கூடாது என்றோ, முன் அனுமதி வாங்க வேண்டும் என்றோ, பொறுப்பாளர்கள் எல்லாரும் குடிமக்களாக இருக்க வேண்டும் என்றோ பதிவதிகாரி ஆணையிட முடியும். நாட்டின் பாதுகாப்பு கருதி ஒரு சங்கத்தையே சட்டவிரோதமானது என்று அறிவிக்கும் அதிகாரம் 5ஆவது பிரிவில் அமைச்சரிடம் இருக்கிறது. உக்ரேனில் அதிகாரிகள் முதலில் கையில் எடுத்ததும் சாசனத்தைத்தான். விசுவாசக் காரியத்தில் தாய்ச் சபையின் ஆலோசனை பெறலாம் என்று எழுதுங்கள். நிர்வாகம், சொத்து, பணம், பதவி நியமனம் ஆகியவற்றில் மலேசியச் செயலவையின் முடிவே இறுதி என்று தனியே எழுதுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் நிறைவேற்றினால் மட்டும் போதாது. ஆர்.ஓ.எஸ். என்று நாம் சொல்லும் சங்கப் பதிவிலாகா ஒப்புதல் தரும்வரை பழைய விதிதான் செல்லும்.

வெளிநாட்டுத் தலைமை இருந்தாலே சந்தேகம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்படிப் பார்த்தால் ரோம் நியமிக்கும் கத்தோலிக்க ஆயர்களை என்ன செய்வது? அவர்களைச் சொத்து வைத்திருக்கக்கூடிய சட்ட உருவாகவே 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்றிருக்கிறது. உங்களைப் போன்ற தனிச் சபைகளுக்கு அந்தக் கவசம் இல்லை. அதனால்தான் எழுத்தில் கவனம் வேண்டும் என்கிறோம்.

அடுத்து பணம். உங்கள் தாளில் ஒரு வரி: "அன்பின் காணிக்கை, சென்னை, ரி.ம. 8,000". அவ்வளவுதான். ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாளுக்குள் அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கையில், வெளிநாட்டில் வசிக்கும் ஆளிடமிருந்தோ அமைப்பிடமிருந்தோ அரசிடமிருந்தோ வந்த பணம், பொருள், சலுகை எல்லாவற்றையும் விவரிக்க வேண்டும் என்று 14ஆவது பிரிவு கேட்கிறது. கூட்டமே நடக்காவிட்டால், ஆண்டு முடிந்த 60 நாளுக்குள் அறிக்கை போக வேண்டும். அந்த ஒரு வரியை இப்படி விரியுங்கள்: அனுப்பியவர் தனிநபரா, சபையா, அறக்கட்டளையா, எந்தத் தேதி, எந்த வங்கி வழி, எதற்கென்று சொல்லிக் கொடுத்தார், எதற்குச் செலவானது. போதகர் பையில் வைத்துக் கொண்டு வந்து மேசையில் வைக்கும் ரொக்கத்தை வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் அன்றைக்கே ரசீது போட்டு, இரண்டு பேர் கையெழுத்திட்டு, மறுநாள் சபைக் கணக்கில் போடுங்கள். பொருளாளரின் சொந்தக் கணக்கில் போடுவதுதான் பல சபைகள் செய்யும் தப்பு. பணச்சலவைத் தடுப்புச் சட்டம் என்று ஒரு விசாரணை வந்தால் முதலில் முடங்குவது அவருடைய வீட்டுச் செலவுக் கணக்கு.

மூன்றாவது, போதகர்கள். உறவினரைப் பார்க்க வருவதாகச் சமூக வருகை பாஸில் வந்து மூன்று இரவு எழுப்புதல் கூட்டம் நடத்தினால், அது பாஸ் நிபந்தனை மீறல். 1963 குடிநுழைவு விதிமுறைகளின் 39(பி) விதிப்படி 1,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சாட்சி தேட யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. படம், பெயர், தேதி, மண்டபம் எல்லாம் போட்டு நீங்களே அடித்து ஒட்டிய போஸ்டர் இருக்கிறது. அவர்கள் புறப்படுவதற்கு முன்பே, சபையின் பதிவுச் சான்றோடு குடிநுழைவுத் துறையில் உரிய தொழில்முறை வருகை பாஸுக்கு விண்ணப்பியுங்கள். பாஸ் கைக்கு வந்த பிறகு போஸ்டர் அடியுங்கள்.

எங்கள் வீட்டில் வாரா வாரம் பன்னிரண்டு பேர் கூடி ஜெபிக்கிறோம். பதிய வேண்டுமா?
வாசகி, ஆயர் ஈத்தாம்

ஜெபிக்கப் பதிவு வேண்டாம். பெயர் வைத்து, தலைவர், பொருளாளர் என்று போட்டு, காணிக்கை சேர்க்கத் தொடங்கினால் பேச்சு மாறும். ஏழு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்த அமைப்பு சங்கம் என்பதே சட்டத்தின் விளக்கம். தற்காலிகமானதும் அதில் அடங்கும். ஏற்கெனவே பதிவான சபையின் கிளையாகச் சேர்வது சுலபமான வழி. தனியாகப் பதிவதென்றால் பதிவிலாகாவின் இணையத்தளமான ஈரோசஸ் வழியாக விண்ணப்பிக்கலாம்.

சபாவிலிருந்து மலாய் மொழிக் கிறிஸ்துவ சிடிகள் கொண்டு வரலாமா? முன்பு பறிமுதல் செய்தார்களே?
வாசகர், சிகாம்புட்

நீங்கள் சொல்வது ஜில் அயர்லாந்து வழக்கு. 2008இல் இந்தோனேசியாவிலிருந்து திரும்பிய சரவாக் பெண்ணிடமிருந்து எட்டு சிடிகளை விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். காரணம், உள்துறை அமைச்சின் 1986 சுற்றறிக்கை. அல்லாஹ், பைத்துல்லா, காபா, சோலாட் ஆகிய நான்கு சொற்களுக்கு அதில் தடை. வழக்கு நடந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது: அன்றைய அமைச்சரவை, அட்டையில் 'கிறிஸ்துவ மதத்துக்கு' என்று அச்சிட்டால் அந்தச் சொற்களை அனுமதிக்கலாம் என்றுதான் முடிவெடுத்திருக்கிறது. அதிகாரிகள் அதை முழுத் தடையாக்கிவிட்டார்கள். 2021 மார்ச் 10இல் உயர் நீதிமன்றம் சுற்றறிக்கையைச் செல்லாது என்றது. 2023இல் அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டது. ஆகவே சொந்த உபயோகத்துக்குக் கொண்டு வருவதில் அந்தத் தீர்ப்பு உங்கள் பக்கம் இருக்கிறது. பெட்டி பெட்டியாக இறக்கி விநியோகிப்பது வேறு. அங்கே 1984 அச்சக, வெளியீட்டுச் சட்டம் குறுக்கே வரும்.

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் துண்டுப் பிரசுரம் கொடுக்கலாமா?
வாசகர், பிறை

வருகிற கிறிஸ்துவர்களுக்குக் கொடுக்கலாம். முஸ்லிம்களிடையே பிற மதம் பரப்புவதை மாநிலங்கள் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்கிறது 11(4). சிலாங்கூரில் 1988இலேயே அப்படியொரு சட்டம் வந்துவிட்டது. கிள்ளானிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ தெருவில் நின்று கொடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், உடனே விட்டுவிடுங்கள்.

பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று எங்கள் சபைக்குக் கடிதம் வந்திருக்கிறது. செயலவையில் ஆளுக்கொரு பேச்சு. என்ன செய்ய?
வாசகர், பூச்சோங்

முதல் வேலை, உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரைத் தேதியும், கடிதம் கைக்கு வந்த தேதியும் பின்னால் தேவைப்படும். வந்த நாளைச் செயலவைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

ரத்து செய்வதற்கு முன் காரணம் கேட்க வேண்டும் என்பது சட்டம். கடிதத்தில் எந்தப் பிரிவு, என்ன காரணம் என்று பாருங்கள். நமக்குத் தெரிந்தவரை இப்படி வரும் கடிதங்களில் நாட்டின் பாதுகாப்பைப் பற்றி எதுவும் இருக்காது. ஆண்டறிக்கை அனுப்பவில்லை, செயலவைக்குள் தகராறு, விதியை மீறிய தேர்தல், இப்படித்தான் இருக்கும். விடுபட்ட அறிக்கை என்றால் அதை அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான சான்றை இணைத்துப் பதில் எழுதுங்கள். தகராறு என்றால் பொதுக்கூட்டம் கூட்டித் தீர்த்த குறிப்பு வேண்டும். காரணம் என்று எதுவுமே சொல்லாமல் 'பாதுகாப்பு' என்று மட்டும் இருந்தால், எந்தச் செயல், எந்தத் தேதி, யார் செய்தது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டு அனுப்பிய கடிதத்தின் நகல்தான் பிறகு நீதிபதியின் முன்னால் உங்களுக்காகப் பேசும்.

ரத்து ஆகிவிட்டால், 30 நாளுக்குள் அமைச்சரிடம் முறையீடு. அமைச்சரும் மறுத்தால், உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு மனு. அதற்கு 2012 நீதிமன்ற விதிகளின் ஆணை 53 தரும் அவகாசம் மூன்று மாதம். அமைச்சரின் முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். செயலவையின் சண்டை தீரும்வரை காத்திருக்காது. இடைப்பட்ட காலத்தில் சபைப் பெயரில் புதிதாகப் பணம் வசூலிக்காதீர்கள். சபையின் நிலப் பட்டா, வங்கிப் புத்தகம், கணக்கேடுகள் மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து, யார் பொறுப்பில் இருக்கிறது என்று எழுதி வைத்துவிடுங்கள்.